மந்திரித்த லோரி

ஆகஸ்டு மாதக் கடைசியில் பங்குக் கோயிலிலிருந்து ஒரு கூட்டம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கிளம்பும். கிளம்புகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவதைவிடப் பெரிய வேலை, தேயிலை எஸ்டேட் லயத்து ஜனங்கள் கொடுக்கும் பட்டியலைச் சமாளிப்பதுதான். மூட்டுவலித் தைலம், முறுக்கு அச்சு, பெண்ணுக்கு நிச்சயதார்த்தச் சேலை, மாதா கோயில் எண்ணெய், குழந்தையில்லாத ஒருத்திக்காக வெள்ளித் தொட்டில் காணிக்கை என்று அது நீண்டுகொண்டே போகும். எண்ணெயையும் தொட்டிலையும் விட்டால் மற்றதெல்லாம் பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கின் கடைகளிலேயே தொங்குகிறது. இருந்தாலும் இந்தியாவிலிருந்து வந்தால்தான் அது அசல். இதை மலைமேல் யாரும் கேள்வி கேட்டதில்லை. வாங்கி வருகிறவர் அதை மாதா பீடத்தில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து வந்துவிட்டாலோ, பிறகு அந்தச் சாமானுக்கு இருக்கிற மரியாதையே வேறு.

அந்த வருஷம் ஷெர்லி போனாள். ஏழாம் நம்பர் வீட்டுக்காரி. சாமான் வாங்குவதில் கெட்டிக்காரி, பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரி. பக்கத்து வீட்டுத் தெரசம்மாள் அவளிடம் கொடுத்த சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஞாயிறு பூசையில் கொடுக்கும் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கோணல்மாணலாக எழுதியிருந்தாள். ஷெர்லி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, மருந்தா?"

"லோரி" என்றாள் தெரசம்மாள்.

ஷெர்லி சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"கம்ப்யூட்டர்ல ஓட்டுற லோரிலா. நிக்கிக்கு. கடையில கேட்டா அட்டையில நம்பர் போட்டுக் குடுப்பாங்களாம். வாங்கி, மாதா கால்ல வச்சுக் கொண்டாந்துரு."

தெரசம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போய்ப் பதினோரு வருஷம். தேயிலைக் கொழுந்து வெட்டுகிற வேலை. கையால் கிள்ளுகிற காலம் எப்போதோ போய்விட்டது. சமமான காட்டில் இரண்டு ஆள் பிடிக்கிற மெஷின் ஓடும். அதை வங்காளதேசத்து ஆட்கள் பிடிக்கிறார்கள். மெஷின் ஏறாத சரிவுகளை, பெட்டி வைத்த பெரிய கத்தரிக்கோலால் வெட்டித் தீர்ப்பதற்கென்று இவளைப் போல ஏழெட்டுப் பெண்கள் மிச்சமிருந்தார்கள். காலையில் பனி விலகுவதற்குள் இடுப்புக்குக் கீழே பாவாடை நனைந்து கனக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விரல்கள் கத்தரிப் பிடியைப் பிடித்த மாதிரியே மடங்கி நிற்கும். அந்த விரல்களோடுதான் மகனைப் புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகு துடைப்பாள், மூத்திரப் பையை மாற்றுவாள்.

நிக்கி என்கிற நிக்கலஸ் அவளுடைய ஒரே மகன். கியா பார்ம் காய்கறித் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் போகும் லோரியை ஓட்டினான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், தாப்பா இறக்கத்தில், அடர்ந்த பனியில் லோரி ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை. அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது.

எஸ்டேட்டுக் கிறிஸ்தவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் கார் வாங்கினாலும் முதலில் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சாமியார் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, வண்டியை மந்திரித்துக் கொடுத்த பிறகுதான் ரோட்டில் ஓட்டுவார்கள். நிக்கலஸ் ஓட்டியது முதலாளி தவ்கேயின் லோரி. அதை ஒருநாள் கோயில் பக்கம் கொண்டு வா என்று தெரசம்மாள் இரண்டு தடவை சொன்னாள். தவ்கே லோரிக்கு நாம் எதற்கு மந்திரிக்க வேண்டும் என்று அவன் சிரித்தான், அவளும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டோமே என்கிற நினைப்பு ஐந்து வருஷமாக அவளை விடவில்லை. பிரேக் தேய்ந்திருந்தது என்று போலீஸ்காரர் சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

முதல் வருஷம் அவன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். ஒருசமயம் ஒன்பது நாள் வாயில் பருக்கை போகவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இவன் மனசுக்கு ஒரு பிடிப்பு வேண்டும், இன்னொரு தடவை இப்படிப் படுத்தால் குழாய் போட்டுக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தெரசம்மாளுக்கு வாழ்க்கையில் ஒரே பயம்தான், மகன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடக் கூடாது.

பிடிப்பு வந்தது பங்கு இளைஞர்களால். பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும், கையால் திருப்புகிற ஸ்டீரிங் ஒன்றையும் கொண்டுவந்து, கட்டிலுக்குக் குறுக்கே பலகை அடித்து மாட்டினார்கள். அதில் லோரி ஓட்டுகிற ஆட்டம் இருந்தது. காலை வாங்கிய சனியனை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டீர்களே என்று தெரசம்மாள் அன்றைக்கு அழுதாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மகன் சிரித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நெத்திலி கருகிப் போயிற்று. அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஞாயிறு இரண்டு மணி என்பது அதன்பின் அந்த வீட்டில் பூசை நேரம் போல ஆயிற்று. ஜொகூரில் ஒருத்தன், சுங்கை சிப்புட்டில் ஒருத்தன், சிபுவில் ஒரு சீனப் பையன் என்று நிக்கலஸோடு சேர்த்து ஒன்பது பேர், அவரவர் வீட்டிலிருந்தே ஒரே ரோட்டில் வரிசையாக லோரி ஓட்டுவார்கள். காதில் மாட்டிய கருவியில் பேசிக்கொள்வார்கள். முன்னால் போகிற லோரி நிக்கலஸுடையது. அவன் சொன்னால்தான் மற்றவர்கள் திரும்புவார்கள், நிற்பார்கள். ஒன்பது பேரில் வீட்டுக்கு வந்து முகம் பார்த்துப் பேசியவன் ரிங்லெட்டில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிற மகேஸ்வரன் மட்டும்தான். மற்றவர்களுக்கு நிக்கலஸால் நடக்க முடியாது என்பதே தெரியாது. அவன் சொல்லவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் அந்த ரோட்டில் வரவில்லை.

இப்போது அந்த ஆட்டத்துக்குப் புதிது ஒன்று வந்துவிட்டது, கூட்டாளிகள் எல்லாரும் அதற்கு மாறப் போகிறார்கள் என்று மகன் போனில் பேசுவது அவள் காதில் விழுந்தது. மெதுவாக வாங்கிக்கொள்கிறேன், அதுவரை நீங்கள் போங்கள் என்று அவன் சொன்னான். அன்றைக்குத்தான் அவளுக்கு யோசனை தோன்றியது. அந்த லோரியைத்தான் மந்திரிக்காமல் விட்டோம், இந்த லோரியையாவது மாதா காலில் வைத்து எடுத்துக் கொடுத்துவிடலாம். மகன் தூங்கும்போது கம்ப்யூட்டர் திரையில் புது ஆட்டத்தின் விளம்பரத்தில் ஓடிய பெயரைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். பரிசென்று நினைத்ததால் கேட்கவில்லை.

ஷெர்லி செப்டம்பரில் திரும்பி வந்தாள். நாகப்பட்டினத்தில் மூன்று கடை ஏறி இறங்கியதையும், அட்டையைப் பீடத்தில் வைக்க விடாத கோயில் ஆளிடம், இது எங்கள் அக்கா மகனின் லோரி ஐயா என்று வாதாடியதையும் ஒரு மணி நேரம் சொன்னாள். தெரசம்மாள் குளித்துவிட்டு வந்துதான் அட்டையைக் கையில் வாங்கினாள். எண்ணெய் பட்ட கறை ஒன்று அதன் ஓரத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிக்கலஸ் அட்டையை வாங்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. சுரண்டி, உள்ளே இருந்த எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகத் தட்டினான். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அவன் மறுபடியும் தட்டினான். மறுபடியும் அதே வரி.

"என்னய்யா சொல்லுது?"

"இது இந்தியாக்குள்ள மட்டும்தான் தொறக்கும்மா. இங்க செல்லாதாம்."

"ஏன் செல்லாது? இங்க இருக்கிறவங்களும் தமிழாளுங்கதானே."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "கம்பெனிக்காரனுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வெல வச்சிருக்கான். அங்க வாங்குனத இங்க ஓட்ட விடமாட்டான். பரவால்லலா. வச்சிருப்போம்."

வச்சிருப்போம் என்ற வார்த்தைதான் அவளை உறுத்தியது. அட்டையை அவன் கம்ப்யூட்டர் மேலே மாதா படத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்தான். கொடியில் ஈரத் துணி மாற்ற வரும்போதெல்லாம் அது அவள் கண்ணில் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளில் ஆறு பேர் புது ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். மகேஸ்வரனும் இன்னும் ஒருத்தனும் இவனுக்காகப் பழைய ரோட்டிலேயே இருந்தார்கள். சாயங்காலம் சோறு பாதித் தட்டில் நின்றுவிட்டது. தெரசம்மாள் அந்தப் பாதித் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெர்லிதான் மறுபடி வந்தாள். அவள் தம்பி மகன் ஈப்போவில் கம்ப்யூட்டர் படிக்கிறான். கம்ப்யூட்டரை இந்தியாவில் இருப்பதாக நம்பவைக்க ஒரு வழி இருக்கிறதாம், ஐந்து நிமிட வேலையாம். இதை அவள் கட்டிலருகே நின்று சொன்னபோது நிக்கலஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவனுக்கு அது முன்பே தெரியும். ஷெர்லி போனபிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னான். அப்படிச் செய்வது கம்பெனி சட்டத்துக்கு விரோதம். கண்டுபிடித்தால் அவன் பெயரில் இருக்கும் கணக்கையே பூட்டிவிடுவார்கள். நாலு வருஷமாக ஓட்டிய தூரம், சேர்த்த லோரிகள், கூட்டாளிகளோடு ஓடுகிற உரிமை எல்லாம் அந்த ஒரே கணக்குக்குள்தான் இருக்கிறது.

"ரெண்டு மாசம் பொறுத்தா இங்கத்தியதே வாங்கிருவேம்மா."

அவள் கேட்டிருக்கலாம். பகல் முழுக்க மழையில் சரிவில் நின்று வெட்டிவிட்டு வந்திருந்தாள், தோள் இரண்டும் வலித்தது, மனசு அதைவிட வலித்தது. ரெண்டு மாசம் என்றால் எத்தனை பாதித் தட்டு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மாதா கால் பட்ட பொருள் மகனுக்குக் கெடுதல் செய்யும் என்று யார் வந்து சொன்னாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

"அந்த லோரியத்தான் மந்திரிக்காம விட்டுட்டேன்" என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. "இதையும் விடச் சொல்றியா?"

நிக்கலஸ் அவளைப் பார்த்தான். ஐந்து வருஷமாக அவள் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். ஷெர்லி சொன்ன அதே ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. சிவப்பு வரி வரவில்லை. தெரசம்மாள், ஷெர்லி வாங்கி வந்திருந்த வேளாங்கண்ணித் தீர்த்தத்தைக் கொண்டுவந்து ஸ்டீரிங் மேல் தெளித்தாள். அவன் அவசரமாக விசைப்பலகையைப் போர்வையால் மூடிக்கொண்டு சிரித்தான்.

மூன்று ஞாயிறுகள் ஒன்பது பேரும் மறுபடி ஒன்றாகப் புது ரோட்டில் ஓடினார்கள். புது ஆட்டத்தில் மலை ரோடு இருந்தது, மழை பெய்தது, எதிரே வருகிற வண்டி விளக்குப் போட்டது. தெரசம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான். நாலாவது ஞாயிற்றுக்கிழமையும் கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தது. சோற்றை வழித்துச் சாப்பிட்டான், சம்பால் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினான். எல்லாம் மாதா செய்தது என்று தெரசம்மாள் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஷெர்லியிடம் அடுத்த வருஷத்துக்கு ஒரு வெள்ளி லோரி காணிக்கை கிடைக்குமா என்றுகூடக் கேட்டு வைத்தாள்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டது. மூத்திரப் பையும் புண்ணுக்குப் போடும் பஞ்சும் வாங்க ஒரு சனிக்கிழமை ரிங்லெட்டுக்கு பஸ் ஏறினாள். வாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றபோது, எதிர்க்கடை வாசலில் பூப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன் குனிந்து பார்த்துவிட்டு ஓடி வந்தான். மகேஸ்வரன்.

"ஆன்ட்டி, நிக்கி எப்படி இருக்கான்? அஞ்சு வாரமா ஆளயே காணோம். போனும் எடுக்க மாட்றான்."

"காணோம்னா?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம ஓட்டத்துக்குத்தான். அவன் கணக்கப் பூட்டிட்டாங்கல்ல…" சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "ஒங்ககிட்ட சொல்லலையா?"

அஞ்சு வாரம். தெரசம்மாள் ஒவ்வொரு ஞாயிறாக நினைத்துப் பார்த்தாள். போன ஞாயிறுகூட அவன் பேசியதை அவள் கேட்டாள். மகேஸ், மகேஸ் என்று இதே பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். மகனைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

புதுக் கணக்கு திறந்து வா, ஆட்டத்தை நானே வாங்கித் தருகிறேன் என்று மகேஸ்வரன் எழுதிக் கேட்டிருக்கிறான். பதில் ஒருமுறைதான் வந்ததாம். அதைப் படித்துக் காட்டச் சொன்னதற்கு வேண்டாம் வேண்டாம் என்று மழுப்பிப் பார்த்தான், அவள் விடவில்லை. போனை எடுத்து, மழைத்துளி படாமல் கையால் மறைத்துக்கொண்டு, மெதுவாகப் படித்தான்.

"என்னைய விட்டுருடா. மொதல்ல நெச லோரி போச்சு, இப்ப இதுவும் போச்சு. மூணாவது தடவையா மொதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால முடியாது. அம்மாக்கு மட்டும் தெரிய வேணாம். மாதா குடுத்ததுன்னு சந்தோசமா இருக்காங்க. இருக்கட்டும்."

பஸ் வந்தது. தெரசம்மாள் பையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிராதப்பா."

மேலே ஏறுகிற பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. மாதாமேல் கோபப்படலாமா என்று பார்த்தாள். கோபம் வரவில்லை. அவன் வேண்டாம் என்றுதானே சொன்னான், ரெண்டு மாசம் பொறு என்றுதானே கேட்டான். அழுது அவனை அதில் தள்ளியது அவள். இந்த உண்மை நெஞ்சில் இறங்கியதும் பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு விசும்பிவிட்டாள்.

மறுநாள் பூசையில் மாதாவிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சாடின் மீன் சம்பாலும் முட்டைக்கோஸ் பொரியலும் செய்தாள். நிக்கலஸ் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். ஒவ்வொரு கவளமும் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்குகிறான் என்பது இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு மணிக்கு, தலையணையை உயர்த்திவிடும்மா என்றான். உயர்த்தினாள். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, குளிருது, கதவைச் சாத்திட்டுப் போ என்றான்.

அவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். உள்ளே பேச்சு ஆரம்பித்தது.

"மகேஸ், கியர எறக்கு. பனி எறங்குது பாரு. எல்லாரும் லைட்டப் போட்டுக்குங்க." கொஞ்சம் நிறுத்தினான். எதிராளி பதில் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சரியாக நிறுத்தினான். பிறகு சிரித்தான். "பின்னாடி வாடா, அவசரப்படாத. நான் முன்னால போறேன்ல."

தெரசம்மாள் எழுந்து போய்க் கதவைக் கையகலம் திறந்தாள். திரை இருட்டாக இருந்தது. கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. நிக்கலஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான். வளைவு வந்தது போல, மெதுவாக அதைத் திருப்பினான்.

உள்ளே போய் அவனைக் கட்டிக்கொண்டு, போதும்யா, எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட அவளுக்குத் துடித்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அவன் ஸ்டீரிங்கை விடுவான், சுவர்ப் பக்கம் திரும்புவான். அம்மாவை நம்பவைக்க வேண்டும் என்கிற ஒரு வேலைக்காகத்தான் அவன் வாரா வாரம் நிமிர்ந்து உட்காருகிறான், சோறு தின்கிறான், சிரிக்கிறான். அதையும் அவள் பிடுங்கிக்கொள்வதா? கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அடுப்படிக்குத் திரும்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு உள்ளே, சரிடா, அடுத்த வாரம் பாக்கலாம் என்ற குரல் கேட்டது. அவள் முகத்தைக் கழுவினாள். தேத்தண்ணி கலக்கிக்கொண்டு போனாள். அவன் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். உண்மையிலேயே வேர்த்திருந்தது.

"இன்னிக்கு எதுவரைக்கும்யா போனீங்க?" என்று கேட்டாள்.

"ரொம்ப தூரம்மா."

"மழையால்ல இருக்கு. எல்லாரும் பத்தரமா வந்துட்டாங்களா?"

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் பார்வையை எடுக்காமல் நின்றாள்.

"வந்துட்டாங்கம்மா" என்றான்.